கலர் டப்பாவும் கடைச் சத்தியமும்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் மேஜிக் நிபுணன் இல்லை. மேடை ஏறியதில்லை, கோட்டு போட்டதில்லை, யாரையும் பெட்டியில் படுக்கவைத்து அறுத்ததில்லை. நான் மேஜிக் சாமான் விற்றவன். கண்ணாடி மேஜைக்குப் பின்னால் நின்று, சீட்டுக்கட்டைக் குலுக்கக்கூடத் தெரியாதவனை, நம்மாலும் இது முடியும் என்று நம்பவைத்து, பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்து அனுப்பியவன். நீங்களும் அதற்குத்தான் வந்திருக்கிறீர்கள். கண்காட்சியில் ஸ்டால் போட்டாலும் சரி, செல்போனில் வீடியோ எடுத்து விற்றாலும் சரி, வேலை அதேதான். அதனால் நான் சொல்வது உங்களுக்கு உதவும். உதவாவிட்டாலும் கேளுங்கள், எனக்கும் பேச ஆள் கிடைத்து நாளாகிறது.

எழுபதுகளின் நடுவில் வேலூர் பஜாரில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தேன். வளையல், ரிப்பன், பவுடர், பலூன் எல்லாம் முன்பக்கம். உள்ளே மூலையில் என் மேஜை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் மேஜிக் சாமான் விற்கும் இடம் வேறு கிடையாது. ராணிப்பேட்டையிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஆஸ்பத்திரி நர்ஸம்மாக்கள் குழந்தைகள் வார்டுக்கென்று வாங்குவார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் சண்டே ஸ்கூல் டீச்சர்கள் வந்து நிற்பார்கள். சம்பளம் போட்ட கையோடு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் தோல் பதனிடும் டேனரி ஆட்களும் ஷூ கம்பெனி ஆட்களும்தான் ஜாஸ்தி. என்னதான் குளித்துப் பவுடர் பூசி வந்தாலும் அவர்களுக்கு முன்னால் அந்தத் தோல் வாசனை வந்து மேஜையில் உட்கார்ந்துகொள்ளும். முதலில் மூக்கைச் சுளித்தேன், பிறகு பழகியது, கடைசியில் பிடித்தும் போனது. இன்றைக்கும் செருப்புக் கடையைத் தாண்டும்போது அந்த மேஜை ஞாபகம் வந்து ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன். பேரன் கையைப் பிடித்து இழுப்பான்.

முதலாளியை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். பேர் வேண்டாம், அவருக்கு விளம்பரம் ஆகாது. நல்ல மனுஷன், ஆனால் வாயைத் திறந்தால் முள்.

சேர்ந்த புதிதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. கைக்குட்டையை மறைய வைப்பதில் நான் கெட்டிக்காரன். பட்டுத் துணியை முஷ்டிக்குள் திணித்து, ஊதி, விரலை விரித்தால் ஒன்றும் இருக்காது. கூட்டம் வாயைப் பிளக்கும், வாங்கும். ஒரு நாள் ஒரு டேனரிக்காரர் பொட்டலத்தைத் திரும்பக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். “நீ பண்ணா போவுது, நா பண்ணா மாட்டிக்குது, இன்னா வித்த நீ?” என்றார். அவர் கையைப் பார்த்தேன். சுண்ணாம்புத் தொட்டியில் தோலை அள்ளி அள்ளி உள்ளங்கை முழுக்க வெடிப்பு. பட்டு அந்த வெடிப்பில் மாட்டி, இழை இழையாகப் பிரிந்திருந்தது.

பாய் வந்து, பட்டுத் துணியை எடுத்துக்கொண்டு மெல்லிய பருத்தி மல் துணியில் ஒன்று கொடுத்தார். அந்த ஆள் அங்கேயே செய்து பார்த்தார், போனது. அவர் வெளியே போனதும் பாய் என் பக்கம் திரும்பினார். “உன் கைக்கு நீயே வித்துக்கினு இருக்க. வாங்கறவன் கை வேற பா. அதப் பாத்துட்டு அப்பறம் வாயத் தொற.” அன்றிலிருந்து யார் வந்தாலும் முகத்தை அப்புறம் பார்ப்பேன், கையை முதலில் பார்ப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இப்போதெல்லாம் வீடியோவில் நீங்கள் செய்வதைப் பார்க்கிறேன், விரல்கள் பறக்கின்றன. வாங்குகிறவன் விரல் பறக்காது, அதை மறக்காதீர்கள்.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சாமானுக்குப் பணம் கட்டினால் மட்டும் ரகசியம் கிடைக்காது. கண்ணாடி மேஜைமேல் வலது கையை வைத்து, அவரவர் சாமி பேரில், “இதை யாருக்கும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் நான் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிக்கொடுப்பேன். அம்மனும் ஏசுவும் அல்லாவும் அந்த மேஜைமேல் சாட்சிக்கு வந்து போனார்கள். பாய்க்கு இதில் விளையாட்டே கிடையாது. டப்பாவையும் கயிற்றையும் எந்தத் தச்சனும் செய்துவிடுவான், ரகசியம் வெளியே போனால் நாளைக்கு யார் வருவான் என்பார். நானும் அதை வியாபார தந்திரமாகத்தான் நினைத்தேன். சத்தியம் செய்யச் சொன்னால் சாமானுக்கு மதிப்பு கூடும், அவ்வளவுதான். செய்கிறவர்கள் எல்லாரும் அப்படி நினைக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

தேவராஜ் என்று ஒரு பையன் ஆம்பூரிலிருந்து வருவான். பையன் என்றால் கல்யாணம் ஆகும் வயது. டேனரியில் பஃபிங் பிரிவு, அதாவது தோலைத் தேய்த்து வழவழப்பாக்குவது. நாள் முழுக்கத் தோல் தூசு மூக்கில் போவதால் பேச்சுக்குப் பேச்சு இருமுவான். கூச்ச சுபாவம். நாலு பேர் தன்னையும் ஒரு ஆளாக மதிக்க வேண்டும் என்று மேஜிக் கற்றுக்கொள்ள வந்தவன். இவன் மாதிரி ஆட்கள்தான் நம் தொழிலுக்குச் சோறு போடுகிறவர்கள், அவர்களைக் கேலி செய்யாதீர்கள். அவனுக்குக் கலர் டப்பாவை விற்றேன். சின்ன மூடிபோட்ட டப்பா, அதற்குள் பக்கத்துக்கு ஒரு கலர் அடித்த கட்டை. நீங்கள் திரும்பி நிற்பீர்கள். எதிரில் இருப்பவர் தனக்குப் பிடித்த கலர் மேலே வரும்படி கட்டையை வைத்து மூடிக் கொடுப்பார். திறக்காமலே கலரைச் சொல்லிவிடுவீர்கள். எப்படி என்று இங்கே எழுதமாட்டேன், இதைப் படிக்கும் சிலர் இன்னும் காசு கொடுக்கவில்லை. தேவராஜ் ஏசப்பா பேரில் சத்தியம் செய்தான். கையை மேஜையிலிருந்து எடுக்கும்போது அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை திறக்கும்போதே வாசலில் நின்றான். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறான். மூச்சு வாங்கியது.

“அண்ணே, என் சத்தியத்தத் திரும்ப வாங்கிக்கங்க.”

“இன்னாடா ஆச்சு?”

“ஒரு பொம்பள நடுத்தெருவுல நிக்கறாண்ணே. என்னாலதான்.”

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். விஷயம் இதுதான். அவன் குடியிருக்கும் லைன் வீடுகளில் கலர் டப்பாவைக் காட்டிப் பேர் வாங்கிவிட்டான். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அங்கே சரோஜா என்று ஒரு அம்மா, அவர் புருஷன் ஷூ கம்பெனியில் மேஸ்திரி, லைன் வீடுகளும் அவர்களுடையதுதான். அந்த அம்மாவின் கல் வைத்த கம்மல் காணாமல் போய்விட்டது. உடனே எல்லாரும் தேவராஜ் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மூடின டப்பாவுக்குள் இருப்பதைப் பார்க்கிறவன் மூடின வீட்டுக்குள் இருப்பதைப் பார்க்க மாட்டானா?

“எனக்குத் தெரியாதுன்னேன். நம்பல. அது சும்மா தந்திரம்னேன். தந்திரம்னா எப்படின்னு காட்டுன்னாங்க. எப்படிண்ணே காட்டுவேன்? ஏசப்பா பேர்ல சொல்லிட்டு வந்திருக்கேன். நா முழிக்கறதப் பாத்துட்டு, இவனுக்குத் தெரியும், சொல்லத்தான் பயப்படறான்னுட்டாங்க. அப்பறம் ஒவ்வொரு பேரா சொல்லிக்கினே என் மூஞ்சியப் பாத்தாங்க.”

“சரி, பாக்கட்டுமே.”

“எஸ்தர்னு பேர் சொன்னப்ப எனக்கு இருமல் வந்துடிச்சி.”

சொல்லும்போதே இருமினான். எஸ்தர் என்பவர் கடைசி வீட்டில் தனியாக இருக்கும் பெண், புருஷன் தவறிவிட்டார், அதே ஷூ கம்பெனியில் தையல் வேலை. நேற்றே சரோஜா வீடு வீடாகப் போய், எஸ்தர்தான் திருடி என்று சொல்லியாகிவிட்டது. இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் கம்மல் வர வேண்டும், இல்லையென்றால் வீடும் கிடையாது, நாளைக்குக் கம்பெனி கேட்டுக்குள்ளும் வரக்கூடாது. எஸ்தரின் சாமான்களை ஏற்கெனவே வெளியே எடுத்துப் போட்டுவிட்டார்களாம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. யார்மேல் என்று தெரியவில்லை. நேராகப் பாயிடம் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தாடியைத் தடவினார்.

“எப்படின்னு சொல்லிட்டா ஆம்பூர்ல இனிமே ஒரு டப்பா போவாது. தெரியுதா?”

“தெரியுது பாய்.”

“ஆம்பூர்ல சொன்னா வாணியம்பாடிக்கும் போய்டும். எல்லாம் சொந்தக்காரங்க.”

“ஆமாம் பாய்.”

“பேஜாரு பண்றடா நீ.” பிறகு, “பஸ்ஸுக்குக் கல்லாவுல எடுத்துக்க,” என்று சொல்லிவிட்டு வளையல் அடுக்கப் போய்விட்டார். அந்த மனுஷன் அதற்குப்பிறகு அந்த டப்பா நஷ்டத்தைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. இன்றைக்கு அவர் இல்லை. இருந்திருந்தால் இதையெல்லாம் எழுதுகிறேன் என்று திட்டியிருப்பார், அந்தத் திட்டுக்கும் ஏங்குகிறேன்.

என்ன பேசுவது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். லைன் வீடுகளுக்கு முன்னால் குழாயடியில் கூட்டம் நின்றது. மேஸ்திரி நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் முகத்தை மறைத்திருந்தார். எதிரில் ஒரு தகரப் பெட்டி, சுருட்டின கோரைப்பாய், கொஞ்சம் பாத்திரம். அவற்றுக்குப் பக்கத்தில் எஸ்தர் நின்றிருந்தார். அழவில்லை. அழுது முடித்த முகம்.

என்னை யார் என்று தேவராஜ் சொன்னான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த டப்பாவை விற்றவன் நான்தான், இதில் எந்தச் சக்தியும் கிடையாது, கடையில் காசுக்கு விற்பது, தேவராஜுக்கு ஒன்றும் தெரியாது என்று கடகடவென்று சொன்னேன். நாற்காலிக்குப் பின்னால் நின்ற சரோஜாம்மா தேவராஜ் கையிலிருந்த டப்பாவை வாங்கி என்னிடம் நீட்டினார்.

“அப்ப நீங்க பண்ணுங்க பாக்கலாம்.”

இங்கேதான், பிள்ளைகளே, கையில் இருக்கும் வித்தையே நம்மைக் குழியில் தள்ளும். நான் திரும்பி நின்றேன், அவர் கலர் வைத்து மூடிக் கொடுத்தார், நான் பழக்கதோஷத்தில் வழக்கமான தோரணையோடு கண்ணை மூடி, நெற்றியில் விரல் வைத்து, “பச்சை” என்றேன். பச்சைதான். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. தேவராஜுக்கே குரு வந்துவிட்டார் என்று ஒரு கிழவர் சொல்வது காதில் விழுந்தது. சரோஜாம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார், குரலே மாறிவிட்டது.

“அய்யா, அப்ப நீங்களாவது சொல்லுங்கய்யா. கம்மல் எங்க இருக்குது?”

தேவராஜ் ஒருவன் தெய்வமாக இருந்த இடத்தில் இப்போது இரண்டு பேர். நான் வாயைத் திறந்தால், மூடினால், இருமினால், எல்லாமே எஸ்தர் தலையில்தான் விழும். எஸ்தர் என்னைப் பார்த்தார். என்னை நம்பிப் பார்க்கவில்லை. இவனும் வந்துவிட்டானா என்று பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சொன்னால் நம்பமாட்டார்கள், செய்து காட்டினால் இன்னும் மோசம். அப்போது ஒன்று உறைத்தது. கடையில் எத்தனையோ பேர் வாயைப் பிளந்துகொண்டு திரைக்குப் பின்னால் வந்திருக்கிறார்கள். வெளியே போகும்போது ஒருத்தர்கூட அதே முகத்தோடு போனதில்லை. தன் கையால் ஒரு தடவை செய்துவிட்டால், “அடச்சே, இவ்ளோதானா!” என்று ஒரு முகம் வரும். விற்பவனுக்குப் பிடிக்காத முகம் அது. இன்றைக்கு அந்த முகம்தான் வேண்டும்.

“அம்மா, இப்படி உட்காருங்க,” என்று சரோஜாம்மாவைக் குழாயடித் திட்டில் உட்காரவைத்தேன். “இப்ப நீங்க பண்ணப் போறீங்க.”

“நானா? எனக்கு இன்னா தெரியும்?”

“எல்லாரும் கிட்ட வாங்க. மறைக்க ஒண்ணும் இல்ல.”

அந்தக் குழாயடியில், நட்டநடுப் பகலில், சின்னதிலிருந்து கிழம்வரை எல்லார் காதிலும் விழும்படி கலர் டப்பாவின் ரகசியத்தைச் சொன்னேன். சொல்ல மனசே வரவில்லை, பொய் சொல்லமாட்டேன். சோறு போட்ட சாமான் அது. சரோஜாம்மா முதல் தடவை தப்பாகச் சொன்னார். கொல்லென்று சிரிப்பு. கையை இப்படி வையுங்கள் என்று திருத்தினேன். அந்த அம்மாவுக்கு விரல் பருமன், டப்பாவை வேறு மாதிரிப் பிடிக்கச் சொன்னேன். அடுத்த தடவை “செவப்பு!” என்றார். சிவப்புதான். நான் எதிர்பார்த்த முகம் வந்தது.

“அட, இவ்ளோதானா! இதுக்கா நா ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்தேன்?”

அவ்வளவுதான், கூட்டம் கலகலத்துவிட்டது. எனக்குக் கொடு, எனக்குக் கொடு என்று டப்பா கைமாறியது. என்னைக் குரு என்று சொன்ன கிழவர் தப்பாகச் சொல்லிவிட்டு டப்பாவைத் திட்டினார். தேவராஜை ஒருத்தன் முதுகில் தட்டி, “டேய் தோஸ்த், எங்களையே ஏமாத்திட்டியே!” என்றான். தேவராஜும் சிரித்தான், இருமினான், யாரும் அந்த இருமலைக் கண்டுகொள்ளவில்லை.

அன்றைக்குப் பிறகு எங்கள் மேஜைச் சத்தியத்தில் நான் ஒரு வரி சேர்த்துவிட்டேன். “யாருக்கும் சொல்ல மாட்டேன், ஒருத்தருக்குக் கெடுதல் வந்தா சொல்லிடுவேன்.” பாய் கேட்டும் கேட்காததுபோல் இருந்துவிட்டார். நீங்கள் விற்கும்போதும் அந்த வரியைச் சொல்லுங்கள். சாமானின் மதிப்பு குறையாது.

கம்மல் கிடைத்ததா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. இதுவரையிலான கதையைத்தான் நான் வருஷக்கணக்காகக் கடையில் சொல்லிவந்தேன், கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே இரண்டு சாமான் கூட வாங்கிப் போனார்கள். ஆனால் அன்றைக்கு நடந்தது இதோடு முடியவில்லை. உங்களிடம் மீதியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டம் சிரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நீங்களும் நினைப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்து பஸ்ஸுக்குக் கிளம்பப் போனேன்.

சிரிப்புக்கு நடுவில் சரோஜாம்மா டப்பாவை எடுத்துக்கொண்டு எஸ்தரிடம் போனார். “நீயும் பண்ணிப் பாரேண்டி, நல்லாதான் இருக்குது,” என்று கையில் வைத்தார். அது சமாதானமாம்.

எஸ்தர் டப்பாவை வாங்கிக்கொண்டார். திருப்பிப் பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியாதுக்கா. உள்ள இன்னா கலர்னும் தெரியாது, உன் கம்மல் எங்கன்னும் தெரியாது. நேத்துலேர்ந்து இதத்தான் சொல்லிக்கினு இருக்கேன்.”

சிரிப்பு ஒவ்வொரு பக்கமாக நின்றது.

“சரி விடு, ஏதோ ஆத்திரத்துல ஆயிடிச்சி,” என்றார் சரோஜாம்மா. “சாமான உள்ள எடுத்து வையி. நாளைக்கு வேலைக்குப் போ.”

“நேத்து வீடு வீடாப் போய் எம்பேரச் சொன்ன இல்ல? அதே மாதிரி போய், எஸ்தர் எடுக்கலன்னு சொல்லிட்டு வா. அப்பறம் சாமானத் தூக்கறேன்.”

சரோஜாம்மா புருஷனைப் பார்த்தார். மேஸ்திரி பேப்பரைக் கீழே இறக்கி, கூட்டத்தைப் பார்த்தார், தகரப் பெட்டியைப் பார்த்தார். “போய்ச் சொல்லிட்டு வா,” என்றார்.

அந்த அம்மா முதல் வீட்டுக்குப் போனார். பின்னால் எஸ்தர், அவருக்குப் பின்னால் நாங்கள் எல்லாரும். வாசலில் இருந்த பெண்ணிடம் சரோஜாம்மா தலையைக் குனிந்துகொண்டு என்னவோ முணுமுணுத்தார்.

“கேக்கலக்கா,” என்றார் எஸ்தர்.